முகாமில் அடைத்த பல் ஏன் பெயர்கிறது?

கேள்வி: ஏனுங்க டாக்டர், அந்தியூர்ப் பக்கம் பள்ளிக்கூட முகாம்களில் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் (பொடியும் திரவமும் கலந்து செய்யும் பல் சிமென்ட்) வைத்து அடைக்கிறோம். சிலருக்கு ஒரே மாதத்தில் பெயர்ந்துவிடுகிறது. பொருள் மட்டமா?
– பல் மருத்துவ மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பொருள்மேல் பழி போடுமுன் கலவையைப் பாருங்கள். பெரும்பாலும் மட்டமாக வழித்த ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு சொட்டுத் திரவம். புட்டியை முதலில் படுக்கவைத்து, பிறகு செங்குத்தாகக் கவிழ்த்தால்தான் குமிழில்லாத முழுச் சொட்டு விழும். பொடியை இரண்டாகப் பிரித்து, 20–30 வினாடிக்குள் கலந்து முடியுங்கள். பளபளப்பு போன கலவை பல்லில் ஒட்டாது. மனசு வராவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரை வகுப்பறையில் இன்னும் சீக்கிரம் இறுகும்.

அடுத்தது எச்சில், அது பட்டாலும் ஒட்டாது. கண்டிஷனரை (பொருள் ஒட்டுவதற்காகக் குழியைச் சுத்தம் செய்யும் திரவத்தை) 10–15 வினாடி தடவி, ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். பல் வெளுக்குமளவு காயவைக்க வேண்டாம். எனாமலும் (பல்லின் வெளி ஓடு) டென்டினும் (அதன் உள்ளடுக்கு) சேரும் ஓரத்தில் மென்சொத்தையை விட்டுவைப்பதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. அடைத்ததும் வாசலின் தடவிய விரலால் அழுத்தி, கடியைச் சரிபாருங்கள். இரு பற்களுக்கு இடையிலுள்ள பெரிய குழியைக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள், அந்த மாதிரிக் குழியில் இந்தக் கைக்கருவி முறைக்கு ஆயுள் குறைவு.

அடைத்தபின் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. எனவே சத்துணவு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் யாரையும் நாற்காலியில் ஏற்றாதீர்கள்.