பைத்தானில் லாகின் செய்தாலும் மறுபடி லாகின் பக்கமே வருவது ஏன்?

இணையப் பக்கங்களை எடுக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் போஸ்ட் செய்கிறீர்கள், 200 (கோரிக்கை சரி என்பதற்கான எண்) என்று பதிலும் வருகிறது, ஆனால் கைக்குக் கிடைப்பது அதே லாகின் பக்கம். இதுதானே கேள்வி? முதலில் அந்த 200-ஐ நம்பாதீர்கள். கடவுச்சொல் தவறு என்று சொல்லும் பக்கத்தையும் பல தளங்கள் 200 என்றே அனுப்பும்.

காரணம் பெரும்பாலும் படிவத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புலம்தான். லாகின் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து 'ஹிடன்' வகை இன்புட்டுகளைத் தேடுங்கள். அதில் ஒன்றில் அர்த்தமில்லாத நீளமான எழுத்துக் கோவை இருந்தால், அது பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது கோரிக்கை தன் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று தளம் சரிபார்க்கும் குறியீடு. அது உங்கள் குக்கியோடு ஜோடி சேர்ந்தது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினால் எடுபடாது. ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் உருவான தளம் என்றால் 403 (அனுமதி இல்லை) என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். வேறு சில தளங்கள் எதுவும் சொல்லாமல் லாகின் பக்கத்தையே திருப்பித் தரும்.

அதனால் குக்கிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு செஷன் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதில் முதலில் லாகின் பக்கத்தை கெட் செய்யுங்கள். பக்கத்தின் மூலநிரலைப் பிரித்துப் படிக்கும் பியூட்டிஃபுல் சூப் நூலகம் கொண்டு டோக்கனை எடுங்கள். அப்புறம் அந்த டோக்கனையும் சேர்த்து அதே செஷனில் போஸ்ட் செய்யுங்கள். புலங்களின் பெயராக 'ஐடி' மதிப்பை அல்ல, 'நேம்' மதிப்பையே கொடுக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். வந்த பக்கத்தில் லாக்அவுட் இணைப்பு இருந்தால் உள்ளே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

படிவத்தையே ஜாவாஸ்கிரிப்ட் உருவாக்குகிறது என்றால் உண்மையான பிரவுசரையே இயக்கும் பிளேரைட்டுக்கு மாறிவிடுங்கள். கேப்ட்சா இருந்தால் அதை உடைக்கப் பார்க்காமல், அந்தத் தளத்தில் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு பெறும் வழி) உண்டா என்று கேளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் தயவுசெய்து நிரலுக்குள் எழுதாதீர்கள். நிரலுக்கு வெளியே சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) வையுங்கள்.