அடுத்து எதைத் தெளிக்கலாம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மொட்டை மாடியில் பைகளில் தக்காளியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நட்ட நர்சரி நாற்று. தேங்காய் நார்க்கழிவில் மண்புழு உரம் கலந்திருக்கிறேன். காலை, மாலை தவறாமல் தண்ணீர். இப்போது அடி இலைகள் மஞ்சளாகின்றன, தக்காளிப் பூ உதிர்கிறது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், தேமோர் கரைசல் என்று இயற்கை ஊட்டக் கரைசல் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அடுத்து எதைத் தெளிக்கலாம்? இனி விதைத்தால் அமாவாசை பார்க்க வேண்டுமா?

எம்., சென்னை

அன்புள்ள எம்.,

எதையும் தெளிக்காதீர்கள். அமாவாசை அதன்பாட்டுக்கு வந்து போகட்டும்.

பூ உதிர்வதற்குக் காரணம் வெயில். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும், காய் பிடிக்காது. ஏப்ரலில் நட்ட தக்காளியிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

மாடித்தோட்டத்துத் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. ‘காலை, மாலை தவறாமல்’ என்ற இடத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேளை தவறாமல் கொடுக்க அது என்ன காபி குடிக்கிற மாமனாரா?

நார்க்கழிவு ஆளை ஏமாற்றும். மேலே ஒரு அங்குலம் காய்ந்து வெளுத்திருக்கும். அடியில் அள்ளிப் பிழிந்தால் சொட்டும். மேலே பார்த்து ஊற்றுகிறீர்கள். வேருக்குக் காற்றும் வேண்டும். மூச்சு முட்டிய வேர் சத்தை உறிஞ்சாது. செடி அடி இலையின் தழைச்சத்தை உருவி நுனிக்கு அனுப்பும். அந்த மஞ்சளைப் பார்த்து உரம் போதவில்லை என்று கரைசலாக ஊற்றுவது இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும்.

நம்பாவிட்டால் மோசமான ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். விரலால் இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். சாக்கடை வாடையும் வரலாம். அந்தச் செடி தேறாது, மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறியுங்கள். மற்றவற்றுக்கு விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஒரு சொட்டும் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள், காலையில். உச்சி வெயிலில் இலை தொங்கியதும் குவளையோடு ஓடாதீர்கள். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிட்டால் அது தாகம் இல்லை.

பையின் அடியைத் தடவிப் பார்த்தீர்களா? தளத்தோடு ஒட்டி உட்கார்ந்த பையில் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டு செங்கல் வைத்துத் தூக்குங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை செம்மண், நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள், உப்பு இருக்கும்.

ஆடிப் பட்டத்தில் வெண்டையும் கொத்தவரையும் நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள், குழிக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். தக்காளி நாற்றை மழை ஓய்ந்தபின் மார்கழியில் வாங்கிக்கொள்ளலாம்.