கடையில் ‘உல்லன்’ என்றார்கள்: பின்னல் நூல் கேள்வி பதில்

சேலத்தில் எங்கள் பின்னல் கூட்டத்தில் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தேன். 23 சீட்டு வந்தது. 9 சீட்டில் ஒரே கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மகன் ஏற்காட்டில் விடுதியில் படிக்கிறான். ஸ்வெட்டர் பின்ன மெரினோ கம்பளி வாங்கட்டுமா அக்கா?

யார் துவைப்பார்கள், அதை முதலில் சொல்லுங்கள். விடுதியில் எல்லாத் துணியோடும் சேர்த்து மெஷினில்தான் போடுவார்கள். கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோலச் செதில் உண்டு. சூடு, சோப்பு, உலுக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. 12 வயசுப் பையனுக்குப் பின்னியது பொம்மைக்குத்தான் ஆகும். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருந்தால் அந்தச் செதிலை மழுங்கடித்திருக்கிறார்கள், பயமில்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் டிகே என்ற நடுத்தரப் பருமனில் அக்ரிலிக் (செயற்கை நூல்) எடுங்கள். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 22 கண்ணி வரும். முழங்கையில் பிசிறு உருளும், ஆனால் சுருங்காது, சீக்கிரம் காயும். 5,000 அடி உயரத்து மழைக்காலத்தில் பருத்தி ஸ்வெட்டர் கொடியில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரே லாட் நம்பரில் (ஒரே தடவையில் சாயம் போட்டதற்கு லேபிளில் இருக்கும் எண்) மொத்தமாக வாங்குங்கள். நான் ஒருமுறை பச்சை நூல் ஒரு உருண்டை குறைந்து, வேறு லாட்டில் வாங்கி முடித்தேன். வெயிலில் பார்த்தால் உடம்பு மாங்காய், இடது கை மட்டும் பழுக்க ஆரம்பித்திருந்தது.

கடையில் உல்லன் என்றுதான் தந்தார்கள். நிஜக் கம்பளியா?

நம் ஊரில் உருண்டையாக எது விற்றாலும் உல்லன்தான். ஒரு இழையை இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் நின்று கொளுத்துங்கள். முடி பொசுங்கிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரிந்த வாசனை என்றால் பருத்தி. உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். சூடாக இருக்கும்போது அந்த மணியைத் தொடாதீர்கள்.

பேத்திக்குக் குல்லா?

சேலத்தில் என்றால் பருத்தி. ஓட்டை ஓட்டையான டிசைன் வேண்டாம், விரல் மாட்டும். லாட் நம்பர் பாருங்கள்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு நெசவாளர் ஐயா: தறி நூலில் பின்னக்கூடாது என்று போன மாதம் சொன்னீர்கள். நாலு இழை சேர்த்தால் உங்கள் நூல்தானே அம்மா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஐயா. 20 நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளச் சிட்டம் (நூல் சுருள்) 20 இருக்கும். 2/20 என்றால் 20 நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஆகவே 10 நம்பர் கனம். கிராமுக்குச் சுமார் 17 மீட்டர். கடையில் விற்கும் 4 பிளை (மெல்லிய பின்னல் நூல்) கிராமுக்கு 4 மீட்டர். நாலு இழை சேர்த்தால் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது! 2/40 என்றால் எட்டு ஒன்பது இழை வேண்டும். ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்து கிழித்துக்கொண்டே போகும்.

இதைப் படித்ததுமே அம்மாபேட்டைத் தங்கச்சி எழுந்தாள்: “பாவு நூலில் (தறியில் நீளவாட்டில் ஓடுவது) கஞ்சி இருக்குமே, அட்டை மாதிரி நிற்காதா?” ஐயா விடவில்லை, “சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் ஊற வைத்து அலசு” என்றார். அவள், “ஒற்றை இழை நூல் கோணிக்கொள்ளும்” என்றாள். “அதனால்தானே 2/20 என்கிறேன்!” அரை மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் ஐயா பையிலிருந்து தன் மருமகள் பின்னிய கைத்துண்டை எடுத்து மேசையில் போட்டார். ஓரம் நேராக இருந்தது. இழுத்தேன், கிழியவில்லை, திரும்பிச் சுருங்கவும் இல்லை.

சரி, ஒப்புக்கொள்கிறேன்: கைத்துண்டு, பை, பாத்திரம் துடைக்கும் துணி எல்லாவற்றுக்கும் தறி நூல் தாராளமாக ஆகும். ஸ்வெட்டருக்கு மட்டும் இன்னும் வேண்டாம் என்பேன். பருத்திக்கு மீளும் குணம் கிடையாது. தன் கனத்திலேயே தொங்கி நீளும்.

குரோஷாவுக்கு (கொக்கி ஊசிப் பின்னல்) எந்த ஊசி?

எனக்குக் குரோஷா வராது. பின்வரிசையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கேளுங்கள்.

எந்த நூல் நல்ல நூல்? (9 சீட்டு)

எதற்கு? யாருக்கு? யார் துவைப்பது? இதை எழுதாத சீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பிடிதுணி பின்ன அக்ரிலிக் மிச்சம் இருக்கிறது, போதுமா?

வேண்டவே வேண்டாம். உருகிக் கையில் ஒட்டும். குகை ஐயாவிடம் 2/20 கேட்டு வாங்கி, இரட்டைக் கனமாகப் பின்னுங்கள். இதற்கு லாட் நம்பர் பார்க்க வேண்டாம்.