அக்ரிமெண்ட் கெடு முடிந்து இரண்டு மாதமாகியும் விற்பவர் கிரயம் செய்து தரவில்லை. என்ன செய்வது?

பல்லடத்தில் வீடு வாங்க 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருக்கிறீர்கள். கெடு தாண்டியும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாங்க" என்றுதான் பதில் வருகிறது, பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் 2022-ல் அவிநாசியில் நாங்கள் வீடு வாங்கியபோது மூன்று மாதக் கெடு ஒன்பது மாதமாக இழுத்தது. அந்த நாட்களில் தூக்கம் வராமல் கிடந்தது இன்னும் மறக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் ஏன் இழுக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். விலை ஏறிவிட்டது என்று மனசு மாறியவரும் அடுத்த மாசம் என்பார். தர மனசிருந்தும் கையில் பத்திரம் இல்லாதவரும் அடுத்த மாசம் என்றுதான் சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு வேறு.

எங்களுக்கு விற்றவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் அய்யன் (அப்பா) சொந்தமாக இடம் வாங்கி, பேங்க் கடனில் கட்டிய வீடு. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். சித்திரையில் அக்ரிமெண்ட் போட்டோம். கெடு ஆடி நடுவில் வந்தது. ஆடியில் யார் கிரயம் செய்வார்கள்? ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வாயால் பேசி விட்டுவிட்டோம். நாங்கள் செய்த முதல் தப்பு அது. என் நகையை அடகு வைத்துப் பணத்தைத் தயாராக வைத்திருந்தோம். வட்டி ஓடிக்கொண்டிருந்தது. குடியிருந்த வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கடனை அடைத்துவிட்டார்கள், ஆனால் கடன் வாங்கியவர் உயிரோடு இல்லாததால் வாரிசுச் சான்றிதழும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இல்லாமல் மூலப்பத்திரத்தைத் தர முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் வாங்கினால் அதில் நான்கு பெயர்: அம்மா, இரண்டு மகன்கள், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அந்த நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. எங்கள் அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டிருந்தது அண்ணனும் தம்பியும் மட்டும். பாதி வீட்டுக்குத்தான் அந்தக் காகிதம் செல்லும்.

அந்த அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார், பணம் கேட்கிறார் என்று தம்பி சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் நேரில் போய்ப் பார்த்தோம். காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். "போட மாட்டேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலைங்க அம்மிணி. அண்ணன் கல்யாணத்துல இணைச்சீர் செய்ய நான் வேணும், அய்யன் வீட்டை விக்கறப்ப மட்டும் நான் வேண்டாமுங்களா? ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். இணைச்சீர் என்பது எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் நின்று செய்யும் சீர். அவர் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் தாராபுரம் போய்வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. போனார். பங்கும் பேசி முடித்தார்கள். அப்புறம் பேங்கில் பத்திரம் கைக்கு வர ஐம்பது நாளுக்கு மேல் ஆயிற்று. தையில் நான்கு பேரும் அவிநாசி ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கிரயம் முடிந்தது.

உங்கள் விற்பவரிடமும் மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது, வாரிசு எத்தனை பேர் என்று இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இப்போது திரும்பவும் போட்டுப் பாருங்கள். அக்ரிமெண்டுக்கு முன் பார்த்தது போதாது. பேங்கில்தான் சிக்கல் என்றால் ஒரு நல்ல செய்தி: 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பேங்க் பக்கத் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு இழப்பீடு. எங்கள் காலத்தில் இது இல்லை. விற்பவருக்கு இது தெரியாமலே இருக்கலாம், சொல்லிக் கொடுங்கள்.

சரி, காரணம் நியாயமானது என்றால் கெடுவை எழுத்தில் நீட்டித்துக்கொள்ளுங்கள். புதுத் தேதி போட்டு இரண்டு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்த அக்ரிமெண்ட் என்றால் நீட்டிப்பையும் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்வது கட்டாயம். உங்களுடையது பதிவாகாதது என்றாலும் மனம் உடைய வேண்டாம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் பதிவாகாத அக்ரிமெண்டையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

மனசு மாறிவிட்டார் என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள். மீதிப் பணத்தோடு கிரயம் வாங்கத் தயார் என்று வக்கீல் மூலம், சேர்ந்ததற்கு ஒப்புகை வரும்படி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு என்று போனால் நீங்கள் கடைசிவரை தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்களா என்றுதான் கோர்ட் முதலில் பார்க்கும். பாஸ்புக், கடன் ஒப்புதல் கடிதம், வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். அக்ரிமெண்டில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அத்தனை நாள் சும்மா இருந்துவிட்டுப் போனால் உங்கள் விருப்பத்தின் மேலேயே சந்தேகம் வரும்.

வக்கீலிடம் ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். கிரயம் செய்து தர உத்தரவு கேட்கும்போதே, அது கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் மனுவில் கேட்க வேண்டும். கேட்காத அட்வான்ஸைக் கோர்ட் தானாகத் தராது. விற்பவர் தவறினால் உங்கள் 5 லட்சத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே சட்டம் பிணை உரிமை தருகிறது, அதாவது அந்தச் சொத்தை வைத்தே பணத்தை வசூலிக்கக் கேட்கலாம்.

நகையை அடகு வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. வைத்திருந்தால் வட்டி ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள், கெடுவை நீட்டும்போது அந்த வட்டியைப் பற்றியும் பேசுங்கள். நாங்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டோம். உங்கள் அக்ரிமெண்டில் விற்பவர் பக்கம் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.