எத்தியோப்பியா போகுமுன்: கேட்டதும் சொன்னதும்

அடிஸ் அபாபாவில் மூன்று வருடம் குடும்பத்தோடு இருந்தேன். சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, ஜனவரியில் போகிறோம். முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கடிகாரத்தை. அங்கே மணி விடியலிலிருந்து தொடங்கும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் தாத்தா பாட்டி சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். போன புதிதில் பஸ் டிக்கெட்டில் 12 என்று எழுதித் தந்தார்கள். மத்தியானம்தானே என்று நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுப் போனேன். வண்டி விடிகாலை ஆறுக்கே கிளம்பிவிட்டிருந்தது! விமான டிக்கெட்டில் நம் வழக்கப்படிதான் நேரம் இருக்கும். மற்ற எதற்கும் “ஹபேஷா மணியா, ஃபெரஞ்ச் மணியா?” என்று கேட்டுவிடுங்கள். ஹபேஷா அவர்கள், ஃபெரஞ்ச் வெளிநாட்டார்.

நாட்காட்டியும் வேறு. முப்பது நாள் கொண்ட மாதங்கள் 12, அப்புறம் ஐந்தாறு நாளே உள்ள பதின்மூன்றாம் மாதம் ஒன்று. 2025 செப்டம்பர் 11 அன்று அங்கே 2018 பிறந்தது. ஜனவரி 19-ஐ ஒட்டி இருப்பீர்கள் என்றால் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திம்கத் திருவிழாவைத் தவறவிடாதீர்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்துமே?

அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம். கறி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய்கூடத் தொடமாட்டார்கள். அன்றைக்கு “யட்சோம் பெயாய்நெட்டு” என்று கேளுங்கள். பெரிய இஞ்செரா மேல் மசூர் பருப்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் குவித்துத் தருவார்கள். இஞ்செரா என்பது தெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்துச் சுடுவது. புளித்த மாவுத் தோசை பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் வாயைத் திறந்துவிடுங்கள். குர்ஷா என்று பெயர், பிரியத்தின் அடையாளம்.

லாலிபெலா போகலாமா?

2023-லிருந்து அந்த அம்ஹாரா பகுதியில் ராணுவத்துக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் மோதல். நிலவரம் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். போக முடிந்தால், பாறையைக் குடைந்த 11 தேவாலயங்கள் இருக்கின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயில் பார்த்திருக்கிறீர்களா? இவற்றில் சில அதுபோலவே மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தவை. சிலுவை வடிவிலுள்ள ஜார்ஜ் தேவாலயத்துக்கு ஒரு காலைப்பொழுதையே ஒதுக்குங்கள். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

“இஷி” ஒன்று போதும். நம் “சரி” மாதிரி எல்லாவற்றுக்கும் பொருந்தும். சிலர் ஆமாம் என்பதற்கு “ஹக்” என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். நான் முதலில், ஏதோ கெட்ட செய்தி சொல்லிவிட்டோமோ என்று பதறினேன். பெயர் விஷயத்தில் நமக்குச் சுலபம்: குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின் அப்பா பெயர். நம் இனிஷியல்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

வீட்டுக்குக் காபி சாப்பிடக் கூப்பிட்டால்?

அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, இடித்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் காய்ச்சுவார்கள். அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்தால் மனம் நோவார்கள்.

தடுப்பூசி ஏதாவது?

மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், பெட்டியில் அல்ல.