மூன்று தலைமுறையோடு மதுரையும் செட்டிநாடும்: ஆறு நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகன், 7 வயது மகள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஆறு நாள் ஊருக்கு வருகிறோம். சென்னையிலிருந்து மாமனார் (79), மூட்டுவலி உள்ள மாமியார் (74), இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மா (70) வந்து சேர்ந்துகொள்வார்கள். மாமியாருக்கு மீனாட்சியைத் தரிசிக்க வேண்டும். மாமனாருக்குக் காரைக்குடிப் பக்கம் இருக்கும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே முகம் சுருங்குகிறது. நகரத்துக்கு எத்தனை நாள், கிராமத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

பதில்: ஆறு நாள் என்றால் ஐந்து இரவு. மதுரையில் இரண்டு, காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டில் மூன்று. மதுரைதான் முதலில். மாமியாரின் ஆசை முதல் நாளிலேயே நிறைவேறிவிட்டால், பிற்பாடு மழையோ களைப்போ வந்து திட்டம் மாறினாலும் அவருக்குக் குறை இருக்காது. அலைச்சல் முன்னால், ஓய்வு பின்னால் என்பதுதான் எழுபதைத் தாண்டிய உடம்புக்கு ஏற்ற வரிசையும்கூட.

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஏழு பேரும் எந்நேரமும் சேர்ந்தே போகவேண்டும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட பயணங்கள் கசந்துபோவதற்கு நான் பார்த்த முதல் காரணம் அதுதான். பெரியவர்கள் பிள்ளைகளின் வேகத்துக்கு ஓடிக் களைக்கிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களுக்காகக் காத்திருந்து சலிக்கிறார்கள். நடுவில் நிற்கும் நீங்கள் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லியே விடுமுறையைக் கழிப்பீர்கள். நகரத்தில் பிரிந்து சுற்றுங்கள். கிராமத்தில் சேர்ந்து இருங்கள்.

அதனால் வண்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏழு பேர் என்றதும் எல்லோரும் டெம்போ டிராவலரைத்தான் சொல்வார்கள். அதன் படி உயரம். மூட்டுவலிக்காரருக்கு ஒவ்வொரு முறை ஏறி இறங்குவதும் தண்டனை. ஒரு இன்னோவாவும் ஒரு சிறிய காரும் எடுங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் பெரியவர்கள் அறைக்குத் திரும்ப நினைத்தால் யாரையும் கேட்காமல் திரும்பிவிடலாம். முன்சீட்டு மாமியாருக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, நான்கு மணிக்குத் திறக்கும். இதைக் குறையாக நினைக்காமல் உங்கள் நாளையே அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு வேலை, மதியம் சாப்பாடும் தூக்கமும், மாலையில் ஒரு வேலை. இதற்கு மேல் எதையும் திணிக்க வேண்டாம். கல் தளம் உச்சிவெயிலில் சுடும். வெறுங்காலோடு நடக்கவேண்டிய இடம். ஆகவே விடியற்காலையோ, மாலை ஆறுக்குப் பிறகோ போவது நல்லது. சித்திரை வீதிகளுக்குள் வாகனம் போகாது என்பதால், இறங்கும் இடத்திலிருந்து கோபுர வாசல் வரையிலான நடைதான் மாமியாருக்குச் சிரமம். மருத்துவச் சாதனங்கள் வாடகைக்கு விடும் கடையில் மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை எடுத்து ஆறு நாளும் காரிலேயே வைத்திருங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். பரவாயில்லை, வண்டியில் இருக்கட்டும்.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் நேரே அம்மன் சந்நிதிப் பக்கம் வந்துவிடலாம். கட்டணத் தரிசன வரிசையில் போங்கள். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீவிபத்து நடந்ததற்குப் பிறகு வந்த தடை இது. கைபேசி இல்லாமல் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் தேடுவது கடினம். ‘பிரிந்தால் பொற்றாமரைக் குளத்தின் படி’ என்று உள்ளே போவதற்கு முன்பே பேசிவையுங்கள். உட்கார இடம் இருக்கும், காற்றும் வரும். மகனுக்கு அரைக்கால் சட்டை வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

தங்குமிடம் கோயிலுக்கு அருகே, லிப்ட் உள்ள விடுதியாக இருக்கட்டும். புறவழிச்சாலைப் பக்கம் அறைகள் விசாலமாக இருக்கும், வண்டி நிறுத்தவும் வசதி. என்றாலும் பெரியவர்கள் மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்ப வேண்டுமே, அதற்கு அருகில் இருப்பதுதான் உதவும். அவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் பிள்ளைகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போங்கள், அப்படியே ஜிகர்தண்டா. மகனுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் காந்தி அருங்காட்சியகம். சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது கனமான விஷயம், அவளை விட்டுவிட்டுப் போகலாம்.

மூன்றாம் நாள் இரண்டு காரும் இரண்டு வழியில் போகட்டும். பெரியவர்களின் கார் மேலூர், திருப்பத்தூர் வழியே நேராகச் செல்லட்டும். மொத்தம் 90 கிலோமீட்டர் அளவுதான். வழியில் பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர். குடைவரைக் கோயில், மலை ஏற வேண்டியதில்லை. பக்கத்திலேயே குன்றக்குடி இருக்கிறது, ஆனால் படிகள் உண்டு. அடிவாரத்தில் நின்று கும்பிட்டால் போதும் என்று மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது. பிள்ளைகளின் கார் கீழடிக்குப் போகட்டும். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவு. 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, சிவகங்கை வழியாகக் காரைக்குடி சேரலாம். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்த நாள் என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தங்கும் வீடு. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான், அவற்றைச் சுற்றிய ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகள் பலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் பர்மா தேக்குத் தூணும் முகப்பும் வளவும் (உள்முற்றமும்) கண்ணைப் பறிக்கும். படத்தில் தெரியாதவை வேறு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற உயரமான படிகள். வீட்டின் பகுதியான ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாசற்படி. இரவில் குளியலறைக்கு எழுந்து போகும் பெரியவருக்கு அதுதான் ஆபத்து. நல்ல அறைகள் மாடியில் இருக்கும், லிப்ட் இருக்காது. முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் மூன்று அறை கிடைக்குமா, குளியலறை அறையோடு சேர்ந்ததா, கழிப்பறை மேற்கத்திய முறையா? தெருவாசலில் தொடங்கி படுக்கை வரை நடந்து ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டை ஒரு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். காரம் குறைத்து, சரியாக எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்சுலின் போட்டபின் இலை வருவதற்கு ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். பலகாரமும் வந்துகொண்டே இருக்கும், கந்தரப்பம், அதிரசம் என்று. அவருக்கு இனிப்பில்லாத சீப்புச்சீடையை நகர்த்திவிடுங்கள், அதுவும் அளவோடு. தரிசன வரிசையிலும் அவர் பையில் குளுக்கோஸும் பிஸ்கட்டும் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலினை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

குலதெய்வ வழிபாட்டை நான்காம் நாள் காலை வையுங்கள். பல கிராமக் கோயில்களில் தினமும் நடை திறப்பதில்லை. பூசாரியிடம் இரண்டு வாரம் முன்பே பேசி, அரிசி, வெல்லம், விறகு, பானை எல்லாம் யார் பொறுப்பு என்று தெளிவாக்குங்கள். நிழலும் நாற்காலியும் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போகலாம். பானை பொங்கும்வரை காத்திருக்கும் நேரம்தான் இந்தப் பயணத்திலேயே பிள்ளைகளுக்கு மிகப் பயனுள்ள நேரம் என்பேன். அடுப்புக்குச் சுள்ளி எடுத்துக் கொடுக்கும் வேலையை மகளுக்குக் கொடுங்கள். தாத்தா சொல்லும் வம்சாவளியை எழுதிவைக்கும் வேலை மகனுக்கு: யாருடைய மகன் யார், யார் பர்மா போனது, யார் மலேயா போனது. கோயில் என்றால் முகம் சுருக்கும் பிள்ளைகள்கூட, கையில் வேலை இருந்தால் ஒட்டிக்கொள்வார்கள்.

உறவினர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மாமனார் ஊருக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பத்து வீட்டிலிருந்து அழைப்பு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் காப்பி குடித்தால் இரண்டு நாள் காணாமல் போகும், ஒரு வீட்டை விட்டாலும் வருத்தம் மிஞ்சும். நான்காம் நாள் மாலை எல்லோரையும் நீங்கள் தங்கும் வீட்டுக்கே சிற்றுண்டிக்கு அழைத்துவிடுங்கள். அழைப்பு மாமனார் வாயால் போகவேண்டும். நடக்க முடியாத மூத்தவர் யாராவது இருந்தால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேரில் போய் வாருங்கள்.

ஐந்தாம் நாள் ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி ஓடு செய்வதைப் பட்டறையில் நின்றே பார்க்கலாம். சூளை கிடையாது; பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. மாலையில் திருமயம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டைமேல் பிள்ளைகள் ஏறட்டும். கீழே சத்தியமூர்த்திப் பெருமாளைப் பெரியவர்கள் சேவிக்கட்டும். நேரம் மிஞ்சினால் இன்னொரு நாள் விடியற்காலையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். டிசம்பரில் பறவைகள் இருக்கும். பறவைகள் கலையக்கூடாது என்று சுற்றியுள்ள கிராமத்தார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதை மகளிடம் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, டிசம்பர் தொடக்கம் வரை மழை பிடிக்கலாம். கடைசி வாரம் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறைக் கூட்டம். நடுவில் வரும் வார நாட்களைப் பிடியுங்கள். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அப்போதும் மதுரையில் இருக்கும், அதற்காகவும்தான் விடியற்காலைத் தரிசனம்.

நீங்கள் திருச்சிக்கே விமானம் பிடியுங்கள், சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. திரும்பும்போதும் காரைக்குடியிலிருந்து திருச்சி இரண்டு மணி நேரம்தான். மதுரைக்குத் திரும்ப வேண்டாம். பெரியவர்கள் காரைக்குடியிலேயே சென்னை ரயில் ஏறட்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். இரவு ரயில் என்றால் மூவரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் இருவர் வரைதான் செல்லும். மாமனார், மாமியாருக்கு ஒன்று, அம்மாவுக்குத் தனியாக ஒன்று எடுங்கள். ரயில் பெட்டி ஒன்றாக அமையாவிட்டால், மருந்துப்பை அவரவர் கையில் இருக்கட்டும்.