பெரும்பூனைகளைத் தேடிச் செல்லும் காட்டுப் பயணத்தில் பறவைகளையும் பார்க்க முடியுமா?

புலியையும் சிறுத்தையையும் காணச் செல்லும்போது பறவைகளுக்கென நின்று கொண்டிருந்தால் முக்கியமானதைத் தவறவிட்டுவிடுவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பறவைகளைக் கவனிக்கப் பழகியவருக்கே பூனை கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா புலிகள் காப்பகத்தில் ஒருநாள் காலை, எங்கோ புலி நடமாடுவதாகக் கேள்விப்பட்டு மற்ற ஜீப்புகள் விரைந்துவிட, வால்காக்கைகள் நான்கைந்து ஒரே புதருக்குள் இறங்குவதும் எதையோ கவ்விக்கொண்டு மரத்துக்குத் திரும்புவதுமாக இருந்ததைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். இருநோக்கியில் (பைனாகுலரில்) பார்த்தபோது அலகில் இருந்தது இறைச்சித் துணுக்கு. என்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்தப் புதரிலிருந்தே ஒரு பெண்புலி எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தது.

எச்சரிக்கை ஒலிகளையும் தரம் பிரித்துக் கேட்க வேண்டும். தவிட்டுக்குருவிகளின் கூச்சல் பாம்புக்காகவும் எழலாம், புள்ளிமான் சில வேளை வீணாகவும் மிரளும். ஆனால் கடமான் நின்ற இடத்திலேயே நின்று திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், அது அநேகமாகக் கொன்றுண்ணியைக் கண்டுவிட்டது என்றே கொள்ளலாம். மரத்தின் மேலிருந்து மந்தி கத்தினால், அது எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறது என்று பாருங்கள். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆட்காட்டிப் பறவைக்கு அப்பெயர் சும்மா வரவில்லை. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் பாறுக் கழுகுகள் இறங்கும் இடம் சிங்கம் அடித்த இரையைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

பருவத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. மத்திய இந்தியக் காடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றிவிடுவதால் புலி எஞ்சிய குட்டைகளைத் தேடி வந்தாக வேண்டும். வலசைப் பறவைகளோ அதற்குள் பெரும்பாலும் வடக்கே திரும்பியிருக்கும். பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் இரண்டுக்கும் ஒத்துவரும். பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் இந்தத் தொல்லை இல்லை: ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில், ஜாகுவார் வந்து படுக்கும் ஆற்றங்கரைகளிலேயே ஜபிரு நாரைகளையும் படகிலிருந்தபடி காணலாம்.

கருவி என்று பார்த்தால், 8×42 இருநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது) ஒன்றே போதும். விடியலின் மங்கிய ஒளியிலும் அது தெளிவாகக் காட்டும்.

ஒரே புலியை ஜீப்புகள் சூழ்ந்து அதன் வழியை மறித்து நின்றதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். ஆகவே, துரத்த வேண்டாம், பறவைகளுக்காகவும் நிற்க வேண்டும் என்று முதல் சவாரிக்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால், புலியைக் காட்டுவது மட்டுமே தம் கடமை என்று எண்ணி அவர் எங்கும் வண்டியை நிறுத்த மாட்டார்.